பாடி ஷாப் வேலையிலிருந்து இன்சூரன்ஸ் சர்வேயர் ஆக முடியுமா? கடலூர், புதுச்சேரி பக்கம் நிலவரம் என்ன?

கேள்வி: பாகூர்_டிப்ளமா

எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமா மெக்கானிக்கல் முடித்துவிட்டு புதுச்சேரியில் ஒரு கார் டீலரின் பாடி ஷாப்பில் சர்வீஸ் அட்வைசராக இருக்கிறேன். எஸ்டிமேட் போடுவது, இழப்பை மதிப்பிட சர்வேயர் வந்தால் வண்டியைக் காட்டுவது, அப்ரூவல் வாங்கி வேலையை ஆரம்பிக்க வைப்பது, கடைசியில் பில்லை அனுப்புவது, இதுதான் தினசரி வேலை. வண்டியின் எந்தப் பாகம் அடிபட்டால் எதுவரைக்கும் போகும் என்பது கைப்பழக்கத்தில் தெரியும். இன்சூரன்ஸ் விதிகள் அரைகுறையாகத்தான் தெரியும்.

இந்த அனுபவத்தை வைத்து உரிமம் பெற்ற சர்வேயராக மாற நினைக்கிறேன். டிப்ளமா போதுமா, பயிற்சி எங்கே, தேர்வு எப்படி, இருக்கிற வேலையை எப்போது விடுவது என்பதெல்லாம் ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். மோட்டார் பிரிவு மட்டும் எடுத்தால் பிழைக்க முடியுமா என்பது பெரிய கவலை. இப்போது சின்ன கிளைமெல்லாம் கைபேசியில் போட்டோ அனுப்பியே முடிந்துவிடுகிறது. வீட்டில் அம்மாவும் தங்கையும் என் சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள், அதனால் கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

பதில்: தென்பெண்ணை_சர்வே

தம்பி, டிப்ளமா போதும். இன்ஜினியரிங் டிகிரி அல்லது டிப்ளமா, சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், காஸ்ட் அக்கவுன்டன்ட், இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட்டின் அசோசியேட் அல்லது ஃபெலோ என்று தகுதிக்குப் பல வாசல்கள் உண்டு. மெக்கானிக்கல் டிப்ளமாவுக்கு மோட்டார் நேரான வழி. ஆனால் தகுதி மட்டும் வைத்து உரிமம் வராது. உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரிடம் 12 மாதம் செய்முறைப் பயிற்சி, மும்பையில் இருக்கும் இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா நடத்தும் சர்வேயர் தேர்வு, ஐதராபாத்தில் இருக்கும் ஐஐஐஎஸ்எல்ஏ என்ற சர்வேயர்கள் அமைப்பில் உறுப்பினர் தகுதி, இவை எல்லாம் சேர்ந்த பிறகுதான் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உரிமம் தரும். அது மூன்று வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இதில் நிறைய பேர் சறுக்குவது பயிற்சியில்தான். தெரிந்த சர்வேயர் ஒருவரோடு ஒரு வருடம் சுற்றிவிட்டு, கடைசியில் கடிதம் வாங்கிக்கொண்டு விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். அது செல்லாது. முதலில் பயிற்சியாளராக ஆணையத்தின் இணையதளத்தில் பதிவாக வேண்டும், ஐஐஐஎஸ்எல்ஏவில் மாணவ உறுப்பினராகச் சேர வேண்டும். பதிவுக்கு முன்னால் சுற்றிய மாதங்கள் கணக்கில் வராது. பயிற்சி தருபவர் ஐஐஐஎஸ்எல்ஏவில் அசோசியேட் அல்லது ஃபெலோ நிலையில் இருக்கிறாரா, நீங்கள் கேட்கும் பிரிவில் அவருக்கு உரிமம் இருக்கிறதா, அந்த உரிமம் உங்கள் பயிற்சி முடியும் வரை நடப்பில் இருக்குமா என்று மூன்றையும் பார்த்துவிட்டுச் சேருங்கள். நடுவில் அவருடைய உரிமம் காலாவதியாகி, புதுப்பிப்பு தாமதமானால் உங்கள் பயிற்சிக் காலமும் சிக்கலில் மாட்டும்.

பிரிவுகள் என்று பார்த்தால் தீ, மரைன் கார்கோ (கப்பல் சரக்கு), மரைன் ஹல் (கப்பல், படகு), இன்ஜினியரிங், மோட்டார், மிசலேனியஸ், பயிர், லாப இழப்பு என்று போகும். கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் படகுகளைப் பார்த்துவிட்டு ஹல் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது கப்பல் கட்டுமானமோ கடல் இன்ஜினியரிங்கோ படித்தவர்களுக்கானது, உங்களுக்கு வேண்டாம். பயிருக்கு வேளாண் படிப்பு வேண்டும்.

சட்டத்தில் இந்தத் தொழிலுக்கு அடிப்படை 1938ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 64யுஎம் பிரிவு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் இழப்பை உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கை இல்லாமல் தீர்க்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம். 2015 விதிமுறையில் அந்த வரம்பு மோட்டாருக்கு 50,000 ரூபாய், மற்ற பிரிவுகளுக்கு 1 லட்சம் என்று வைத்தார்கள். அதற்குக் கீழே இருப்பதை கம்பெனி தன் ஆளை வைத்தே முடிக்கலாம். நீங்கள் சொன்ன போட்டோ கிளைம்கள் எல்லாம் அந்த வரம்புக்குக் கீழே நடப்பவை. அதனால் பம்பர் கீறல், கண்ணாடி உடைவு இதையெல்லாம் உங்கள் வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்களுக்கு வரப்போவது பெரிய அடி, லாரி கவிழ்ந்தது, வெள்ளத்தில் மூழ்கியது, மொத்த இழப்பு, இந்த வகைதான்.

இன்னொன்று. உரிமம் வாங்கியபின் டீலரிடம் முழுநேரச் சம்பளத்தில் இருந்துகொண்டே சர்வே பார்க்க முடியாது. வண்டி பழுதுபார்க்கும் இடத்தில் பங்கோ ஆதாயமோ உள்ளவர் அதே வண்டிக்கு மதிப்பீடு எழுதினால் நலன் முரண். மைத்துனர் பேரில் ஒர்க் ஷாப் வைத்துக்கொண்டு நடத்துகிறவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்தப் பாதையில் ஒரு புகார் வந்தாலே உரிமம் போகும். ஏஜென்ட் லைசென்ஸ் வைத்திருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும்.

---

பதில்: கிளைம்_மேஜை

மேலே சொன்னது முழுக்கச் சரி. மோட்டார் அசெஸ்மென்ட் உண்மையில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பாடி ஷாப்பிலிருந்து வருகிறவர்களுக்கு எஸ்டிமேட் கண்ணோட்டம் இருக்கும், பாலிசி கண்ணோட்டம் வர நாளாகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,200 சிசி கார், வயது மூன்று வருடம் நான்கு மாதம், சாதாரண பேக்கேஜ் பாலிசி, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) கிடையாது. பில்லில் முன் பம்பர் 6,000, பானட் 12,000, முன் கண்ணாடி 8,000, ஹெட்லேம்ப் 10,000, லேபர் 7,000, பெயின்டிங் மொத்தமாக 8,000. கூட்டினால் 51,000. ஜிஎஸ்டியை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

பம்பர் பிளாஸ்டிக், 50 சதவீதம் தேய்மானம், நிற்பது 3,000. பானட் உலோகம், வயது மூன்றுக்கு மேல் நான்குக்குள் என்பதால் 25 சதவீதம், நிற்பது 9,000. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை, 8,000 முழுசாக நிற்கும். ஹெட்லேம்ப் பிளாஸ்டிக் கணக்கில் 5,000. லேபர் அப்படியே 7,000. பெயின்டிங் பில் தனியாகப் பிரிக்காமல் மொத்தமாக வந்திருப்பதால் அதில் 25 சதவீதத்தை, அதாவது 2,000 ரூபாயை, மெட்டீரியலாக எடுத்து அதில் பாதியைக் கழிக்க வேண்டும், நிற்பது 7,000. எல்லாம் சேர்த்து 39,000. சால்வேஜுக்கு (கழற்றிய பழைய பாகங்களின் மதிப்பு) 1,000, வண்டிக்காரரே ஏற்க வேண்டிய கட்டாய எக்சஸ் 1,000 (1,500 சிசிக்கு மேல் என்றால் 2,000) கழித்தால் 37,000. வண்டிக்காரர் கையிலிருந்து போவது 14,000.

உலோகத்துக்கான அட்டவணையை மனப்பாடம் செய்துவிடுங்கள். ஆறு மாதம் வரை இல்லை, ஒரு வருடம் வரை 5, இரண்டு வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50. ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக் எல்லாம் 50. ஃபைபர் கிளாஸ் 30. வயதை எண்ணுவது விபத்து நடந்த தேதிக்கு. பில் தேதிக்கு எண்ணிவிட்டு, நான்கு வருடத்தைத் தாண்டியதாக நினைத்து 35 சதவீதம் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை, வண்டிக்காரர் குறைகேட்பு அதிகாரியிடம் போனால் ஒரே பார்வையில் அடிபடும்.

பழுதுச் செலவு ஐடிவியில் (பாலிசியில் உள்ள வண்டியின் காப்பீட்டு மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் அது கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ். இங்கேதான் பாடி ஷாப் அனுபவம் உங்களுக்குக் கை கொடுக்கும். டிஸ்மான்டில் செய்யாமலே, முன் சேசிஸ் ரெய்ல் மடிந்திருப்பதையும் ஏ பில்லர் (முன் கண்ணாடி ஓரத்தூண்) அடியில் பெயின்ட் வெடித்திருப்பதையும் பார்த்து, எஸ்டிமேட் 60 சதவீதத்தில் ஆரம்பித்து 80இல் முடியும் என்று உங்களால் முதல் நாளே சொல்ல முடியும். அதை அன்றைக்கே கம்பெனிக்கு எழுதிவிட வேண்டும். பாதி வண்டியைக் கழற்றிப் போட்டபின் டோட்டல் லாஸ் என்று முடிவெடுத்தால் சால்வேஜ் விலை விழும், ஒர்க் ஷாப் வாடகை ஏறும், மூன்று பேருக்கும் சண்டை வரும்.

வெள்ள வண்டி தனிக் கலை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோதும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை கடலூரில் புகுந்தபோதும் மூழ்கிய வண்டிகள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் கோடு. கதவு ட்ரிம்மின் உள்பக்கம், சீட் ரெய்ல், டாஷ்போர்டின் அடிப்பகுதி என்று மூன்று இடத்தில் சேறு நின்ற உயரத்தை டேப் வைத்து அளந்து போட்டோ எடுங்கள். பிறகு ஏர் ஃபில்டர். அது நனைந்திருந்தால் இன்டேக் வழியாகத் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு உண்டு. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்தாயிற்று.

அடுத்த கேள்விதான் பணத்தைத் தீர்மானிக்கும்: நின்ற வண்டியில் தண்ணீர் ஏறியதா, அல்லது தண்ணீரில் ஸ்டார்ட் செய்தார்களா? ஸ்பார்க் பிளக் அல்லது இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு கிராங்கைக் கையால் சுற்றி, ஒவ்வொரு பிஸ்டனும் மேலே வரும்போது எவ்வளவு உயரம் வருகிறது என்று அளந்து பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் பிஸ்டன் குறைவாக ஏறினால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது. தண்ணீர் அமுங்காது, இன்ஜின் சுற்றும்போது பிஸ்டன் அதில் மோதினால்தான் ராடு வளையும். நின்ற வண்டியில் ராடு வளையாது. இன்ஜின் ப்ரொடெக்ட் கூடுதல் கவர் இல்லாத பாலிசியில் இந்த இடத்தில்தான் தொடர் சேதம் என்று இன்ஜின் பகுதியை நிறுத்துவார்கள். கார்ப்பெட், சீட், வயரிங், இசியு (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) போன்றவை வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம், அவை தனியாக நிற்கும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி மொத்தத்தையும் மறுப்பது தப்பு, மொத்தத்தையும் சேர்த்துக் கொடுப்பதும் தப்பு. அளவை எழுதுங்கள், போட்டோவைச் சேருங்கள், எந்த ஷரத்து என்று குறிப்பிடுங்கள்.

---

பாகூர்_டிப்ளமா

சார், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த பிஸ்டன் உயர விஷயம் எங்கள் ஷாப்பில் மெக்கானிக் அண்ணன் செய்வதைப் பார்த்திருக்கிறேன், எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது.

மோட்டாரோடு சேர்த்து இன்னொரு பிரிவு எடுப்பதாக இருந்தால் தீ எடுக்கலாமா, இன்ஜினியரிங் எடுக்கலாமா? கணக்கு வழக்கில் நான் அவ்வளவு தேர்ந்தவன் இல்லை.

---

பதில்: பண்ருட்டி_கிட்டங்கி

தீ எடுங்கள். பெயர்தான் தீ, இந்தக் கடற்கரையில் அந்தப் பிரிவின் வேலையில் பாதிக்கு மேல் காற்றும் தண்ணீரும். புயல், வெள்ளம், நீர்ப்பெருக்கு எல்லாம் அதே பாலிசியில்தான் வருகின்றன. 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது, 2015 மழை வெள்ளம், பிறகு ஃபெஞ்சல். கிட்டங்கி, அரிசி ஆலை, முந்திரித் தொழிற்கூடம், ஜவுளிக்கடை, மருந்துக்கடை என்று ஒவ்வொரு முறையும் சரக்கு இழப்புதான் பெரிது. கடலூர் சிப்காட்டில் ரசாயன ஆலைகள் இருக்கின்றன, புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. ஆனால் அந்த ஆலைகளின் பெரிய கிளைம்கள் புதியவருக்கு வராது, சென்னையிலிருந்து அனுபவஸ்தர்கள் வருவார்கள். உங்களுக்குக் கிடைப்பது சிறு வியாபாரிகளின் கிளைம். அதில்தான் நல்ல சர்வேயர் அதிகம் தேவை, ஏனென்றால் அந்த வியாபாரிக்கு ஆடிட்டர் பக்கபலம் இருக்காது.

கணக்கு பயப்படும் அளவுக்கு இல்லை. சரக்கு எவ்வளவு இருந்தது என்று கண்டுபிடிக்க ஒரே சூத்திரம்தான். வருட ஆரம்ப இருப்பு, கூட்டல் கொள்முதல், கழித்தல் விற்ற சரக்கின் அடக்கவிலை. ஒரு கடையில் ஏப்ரல் 1 இருப்பு 28 லட்சம். இழப்பு நடந்த தேதி வரை கொள்முதல் 60 லட்சம், விற்பனை 60 லட்சம், முந்தைய வருடக் கணக்குகளின்படி மொத்த லாபம் 20 சதவீதம். விற்றதின் அடக்கம் 48 லட்சம். இருந்திருக்க வேண்டிய சரக்கு 28 + 60 - 48 = 40 லட்சம். காப்பீட்டுத் தொகை 30 லட்சம்தான் எடுத்திருக்கிறார். இழப்பு 8 லட்சம் என்றால் கிடைப்பது 8 பெருக்கல் 30 வகுத்தல் 40, அதாவது 6 லட்சம், அதிலிருந்து எக்சஸ் வேறு கழியும். குறைவாகக் காப்பீடு எடுத்த விகிதத்தில் இழப்பையும் குறைப்பது, இதுதான் ஆவரேஜ்.

2021 ஏப்ரல் 1 முதல் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், அது மொத்த மதிப்பு 5 கோடி வரை உள்ள தொழில்களுக்கு, குறைக் காப்பீடு 15 சதவீதம் வரை இருந்தால் ஆவரேஜ் போடக்கூடாது. மேலே உள்ள கடையில் குறை 25 சதவீதம், ஆகவே ஆவரேஜ் வரும். அதே ஆள் 35 லட்சத்துக்கு எடுத்திருந்தால் குறை 12.5 சதவீதம், இழப்பு முழுசாக நிற்கும். பழைய பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஆவரேஜ் போட்டுத் தள்ளுகிற அறிக்கைகள் இன்னும் வருகின்றன. பாலிசியின் பெயரையே படிக்காமல் எழுதினால் அப்படித்தான்.

களத்தில் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு முந்திரிக் கிட்டங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டை அடுக்கின் நீளம், அகலம், உயரம் எத்தனை மூட்டை என்று எண்ணிப் பெருக்குவது ஆரம்பம்தான். அடுக்கின் நடுவில் காலியிடம் விட்டு அடுக்குவார்கள், காற்று போக. ஓரிரு அடுக்கைப் பிரித்துப் பார்த்து அதைக் கழித்தே ஆக வேண்டும். சுவரில் தண்ணீர்க் கோட்டை மூன்று இடங்களில் அளக்க வேண்டும், தரை ஒரே மட்டமாக இருக்காது. தண்ணீர் முக்கால் அடி நின்றது என்றால் கீழ் மூட்டை மட்டும்தான் போயிற்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சணல் சாக்கு ஈரத்தை மேலே இழுக்கும், இரண்டாவது வரிசையும் நனையும். மூட்டையின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, ஈரப்பதம் அளக்கும் கருவியில் பார்த்து, மூட்டை எண்ணோடு எழுதி வைக்க வேண்டும். மேலே உலர்ந்திருப்பதை அன்றைக்கே பிரித்துத் தனியாக அடுக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால் நான்கைந்து நாளில் பூஞ்சை நல்ல சரக்குக்கும் பரவும், அது யார் தலையில் விழும் என்று வழக்கு நீளும்.

நனைந்ததெல்லாம் குப்பை என்று எழுதாதீர்கள். தோல் நீக்காத கொட்டை நனைந்தால் காயவைத்துத் தரம் குறைந்த விலைக்குப் போகும், பருப்பு நனைந்தால் நிலைமை வேறு. இரண்டு மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டு எழுத்தில் வாங்கி அதிகபட்ச விலையை சால்வேஜாக எடுத்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. மருந்துக்கடையில் மட்டும் இது பொருந்தாது, நனைந்த மருந்தை யாருக்கும் விற்க விடக் கூடாது, அழித்ததற்கு அத்தாட்சி வாங்கிவிடுங்கள்.

கொள்முதல் பில் தண்ணீரில் போய்விட்டது என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான், உடனே சந்தேகப்பட வேண்டாம். ஜிஎஸ்டி ரிட்டர்ன், வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட், சப்ளையரின் லெட்ஜர், லாரி ஆபீஸ் ரசீது, இவை கடைக்கு வெளியே இருப்பவை. வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட் 40 லட்சம், ஜிஎஸ்டி கணக்கில் வருவது 25 லட்சம் என்றால், கடன் வரம்புக்காக ஊதிக் காட்டியிருக்கிறார் என்று அர்த்தம். சிறிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும், ஏன் எடுத்தீர்கள் என்று இரண்டு வரியில் எழுதவும் வேண்டும்.

---

பதில்: கிளைம்_மேஜை

தீ பிரிவைப் பற்றி நண்பர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முதல் வருடத்திலேயே இரண்டையும் தூக்கிக்கொண்டால் தம்பி இரண்டிலும் மேலோட்டமாகத்தான் நிற்பார். மோட்டாரை அறிக்கை எழுதும் அளவுக்கு முதலில் கையில் பிடிக்கட்டும். தீ பிரிவைப் பிறகு உரிமத்தில் சேர்க்கலாம்.

வருமானம் பற்றிக் கேட்டிருந்தார். உரிமம் கிடைத்த நாளே வேலை வந்துவிடாது. ஒவ்வொரு கம்பெனியிலும் எம்பேனல் ஆக வேண்டும். யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, ஓரியன்டல், நேஷனல் என்று நான்கு பொதுத்துறை நிறுவனங்கள், அதற்கு மேல் தனியார். பட்டியலில் பெயர் ஏறினாலும் அலாட்மென்ட் சொட்டுச் சொட்டாகத்தான் ஆரம்பிக்கும். வேலை முடித்து பில் கொடுத்தபின் ஃபீஸ் வருவதற்கும் மாதங்கள் ஆகலாம், அதிலும் டிடிஎஸ் பிடித்துத்தான் வரும். பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் கைக்காசுதான், பெட்ரோல் செலவுக்கு ஏதாவது கிடைத்தால் அதிகம். ஆகவே பயிற்சி ஒரு வருடம், அதன்பின் ஒரு வருடம் என்று இரண்டு வருடக் குடும்பச் செலவைக் கையில் வைத்துக்கொண்டோ, வேறு வழி செய்துகொண்டோதான் இறங்க வேண்டும். அம்மாவும் தங்கையும் உங்களை நம்பி இருக்கும்போது இதில் கண்மூடித்தனம் கூடாது.

இடைவழி ஒன்று இருக்கிறது. தனியார் கம்பெனிகள் மோட்டார் கிளைமுக்கு உள்ளேயே சம்பளத்தில் ஆட்களை எடுக்கிறார்கள். பாடி ஷாப் அனுபவமுள்ள டிப்ளமாக்காரரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். வரம்புக்குக் கீழே உள்ள கிளைம்களை ஒரு வருடம், இரண்டு வருடம் அங்கே பார்த்தால் பாலிசி ஷரத்து, அறிக்கை எழுதும் முறை, மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் சம்பளத்தோடு படிந்துவிடும். தேர்வுக்கும் அந்த நேரத்தில் படிக்கலாம். பிறகு தனி உரிமத்துக்குப் போவது உங்கள் நிலைமைக்குப் பொருத்தமான வரிசை என்பது என் அபிப்பிராயம்.

---

பதில்: தென்பெண்ணை_சர்வே

இடைவழி நல்லதுதான், ஒரே ஒரு எச்சரிக்கை. அங்கே பார்க்கும் மாதங்கள் தானாகவே 12 மாதப் பயிற்சியாகிவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பயிற்சிப் பதிவு வேறு, வேலை அனுபவம் வேறு.

அறிக்கை விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். சர்வேயர் அறிக்கையே இறுதி வார்த்தை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொல்லியிருக்கிறது. அதை கம்பெனியும் மறுக்கலாம், பாலிசிதாரரும் மறுக்கலாம். அதனால் கழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பக்கத்திலேயே காரணம் இருக்க வேண்டும். ‘அதிகமாகக் கேட்கப்பட்டுள்ளது, குறைக்கப்பட்டது’ என்று எழுதினால் நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது. ‘இடது பின் கதவு: துரு பழையது, இந்த விபத்தின் மோதல் திசை முன் வலது, எனவே அனுமதிக்கப்படவில்லை, போட்டோ 14’ என்று எழுதினால் நிற்கும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதைப் பழகத்தான் ஒரு வருடம் பிடிக்கும்.

நேரமும் இப்போது இறுக்கம். 2024இல் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி கிளைம் பதிவாகி 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் ஒதுக்கப்பட வேண்டும், 15 நாளில் அறிக்கை போக வேண்டும். ஆவணம் வரவில்லை என்று காத்திருந்தால் பழி உங்கள் மேல். முதல் நாளே தேவையான ஆவணப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், நினைவூட்டலையும் தேதியோடு அனுப்புங்கள்.

நம் பகுதிக்கே உரிய தொல்லை ஒன்று. கடலூர்–புதுச்சேரி சாலையில் முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் எல்லை வளைந்து நெளிந்து போகும், அது உங்களுக்கே தெரியும். வண்டி பிஒய்-01, இடித்தது டிஎன்-31, இடம் எந்தக் காவல் நிலையத்துக்குச் சேரும் என்பதில் கிளைம் ஃபார்மும் எஃப்ஐஆரும் முரண்படும். ஸ்பாட் சர்வேக்குப் போகும்போது மைல்கல் அல்லது கடைப் பெயர்ப்பலகை தெரிகிறமாதிரி ஒரு போட்டோ, கைபேசியில் இடக்குறியீடு பதிந்த ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். சரக்கு வண்டி என்றால் பர்மிட் எந்த மாநிலத்துக்குச் செல்லும், எஃப்சி தேதி, ஏற்றிய எடைக்கு லோடு சலான், ஓட்டுநர் உரிமம் அந்த வகை வண்டிக்குச் செல்லுமா, இந்த நான்கையும் அங்கேயே பார்த்து எழுதுங்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் வேறு ஓட்டுநரின் லைசென்ஸ் வந்து நிற்கும்.

---

பாகூர்_டிப்ளமா

புரிகிறது சார். அப்படியானால் முதலில் உள்வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு, கூடவே தேர்வுக்குப் படிக்கிறேன். தேர்வில் எது கடினம், எதிலிருந்து ஆரம்பிப்பது?

---

பதில்: கிளைம்_மேஜை

பொது இன்சூரன்ஸ் அடிப்படையும் சர்வே நடைமுறையும் சேர்ந்த கட்டாயத் தாள் ஒன்று, அதன்பின் நீங்கள் தேர்ந்த பிரிவின் தாள். உங்களுக்கு மோட்டார் தாள் எளிது, கட்டாயத் தாள்தான் சிரமம் தரும். இன்டெம்னிட்டி (இழப்பை மட்டும் ஈடுகட்டுவது), சப்ரோகேஷன் (பணம் கொடுத்தபின் பாலிசிதாரரின் உரிமை கம்பெனிக்கு மாறுவது), கான்ட்ரிப்யூஷன் (ஒன்றுக்கு மேற்பட்ட பாலிசிகள் இழப்பைப் பகிர்வது), ப்ராக்சிமேட் காஸ் (இழப்பின் மூல காரணம்), இந்த நான்கையும் சொந்த வார்த்தையில் ஒரு உதாரணத்தோடு எழுத வரும் வரை மேலே போகாதீர்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம், சொற்கள் திரும்பத் திரும்ப அவைதான்.

புத்தகத்துக்கு முன்னால் உங்கள் சொந்த வண்டியின் பாலிசியை, பின்னால் இருக்கும் ஷரத்துகள் உட்பட, முழுசாக ஒருமுறை படியுங்கள். பிறகு உங்கள் ஷாப்பில் ஏற்கெனவே முடிந்துபோன கிளைம்களில் பத்து கோப்பை எடுத்து, அப்ரூவல் தொகையைப் பார்க்காமல் நீங்களே அசெஸ்மென்ட் போடுங்கள். வாடிக்கையாளர் பெயர், எண் எதையும் வெளியே கொண்டுபோகாதீர்கள், ஷாப்பிலேயே வைத்துப் போடுங்கள். சர்வேயர் போட்ட தொகைக்கும் உங்கள் தொகைக்கும் எங்கே வித்தியாசம் வருகிறது என்று வரி வரியாகப் பாருங்கள். பெரும்பாலும் பெயின்ட் மெட்டீரியலிலும், பிளாஸ்டிக்கா உலோகமா என்பதிலும்தான் விலகும். அது நேரான பிறகு இங்கே ஒரு வெள்ள வண்டிக் கணக்கைப் போடுங்கள், பார்க்கலாம்.